வேலை விளம்பரமும் ஓர் அமானிதம்: தேடுவோரும் எடுப்போரும் கவனிக்க வேண்டியவை

2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வருகிறது; அதை நம்பிப் போகும் கணினி தெரிந்த இளைஞர்கள் சட்டவிரோதமாக எல்லை கடத்தப்பட்டு, பெரும்பாலும் மியான்மருக்குள் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் சிறைப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம். துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் முகவர்கள் இதற்குத் துணைபோகிறார்கள் என்றும் அமைச்சகம் சொன்னது.

அதே மாதம் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், மியான்மரில் ஏறத்தாழ 300 இந்தியர்கள் சிக்கியிருப்பதாகவும் அவர்களில் சுமார் 50 பேர் தமிழர்கள் என்றும் குறிப்பிட்டார். அக்டோபர் தொடக்கத்தில் முதல்கட்டமாக 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

அத்தோடு அது முடியவில்லை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து இரண்டு நாட்களில் 549 இந்தியர்களை ஏற்றி வந்தன. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டு மோசடி வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று கணக்கிட்டது.

இவர்களில் மிகப் பலருக்குத் தொடக்கம் ஒன்றுதான். கைப்பேசித் திரையில் வந்த ஒரு வேலை விளம்பரம்.

இதுபோன்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டே குரல்கள் கேட்கின்றன. ‘பேராசைப்பட்டுப் போனான், மாட்டிக்கொண்டான்’ என்பது ஒன்று. ‘ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான்’ என்பது மற்றொன்று. இரண்டுமே பாதிதான். இணையத்தில் ஒரு வேலையை அறிவிப்பதும், அதற்கு விண்ணப்பிப்பதும், அதை நான்கு பேருக்கு அனுப்பி வைப்பதும் ஓர் ஒப்பந்தத்தின் தொடக்கம். அதில் ஒவ்வொருவருக்கும் பொறுப்பு உண்டு. ஆளைப் பார்க்காமலே முடிகிற காரியம் என்பதால் பொறுப்பு குறைந்துவிடாது. பார்க்க முடியாததால்தான் அது கூடுகிறது.

சபுராளிகளின் ஊரில் மாறியது என்ன?

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்களுக்கு வெளிநாட்டு வேலை புதிதல்ல. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை என்று எந்த ஊரை எடுத்தாலும் பாட்டனார் பர்மாவிலோ மலாயாவிலோ இருந்தார், தகப்பனார் சிங்கப்பூரிலோ சவூதியிலோ இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. அப்படிப் போய் வந்தவர்களைச் ‘சபுராளி’ என்று அழைத்த ஊர்கள் இவை.

அந்தப் பயணங்களிலும் கஷ்டம் இருந்தது, ஏமாற்றும் இருந்தது. ஆனால் ஆளைக் கூட்டிப்போனவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். மாமாவோ மச்சானோ அடுத்த தெருக் கடைக்காரரோ அழைத்துப் போவார். சொன்ன சம்பளம் கிடைக்கவில்லை என்றால் அவர் ஊர் திரும்பும்போது ஜமாஅத்தில் பதில் சொல்ல வேண்டும். அவருடைய வார்த்தைக்குப் பின்னால் அவருடைய வீடும் குடும்பமும் நின்றன.

இன்றைய விளம்பரத்தின் பின்னால் ஒரு வாட்ஸ்அப் எண் மட்டுமே நிற்கிறது. அந்த எண் நாளைக் காலையில் அணைந்துவிடும்.

தேவையோ குறையவில்லை, கூடியிருக்கிறது. மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று ஓடும் இந்த மண்ணில், பட்டம் படித்த பிள்ளைக்கு வயல் வேலை போதுமான வருமானம் தருவதில்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா நிலத்தை எண்ணெய், எரிவாயு போன்ற பெருந்தொழில்களிடமிருந்து காக்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் நிலம் காக்கப்பட்ட அளவுக்கு, அந்த நிலத்தின் பிள்ளைகளுக்கு வேறு வேலை உருவாக வேண்டும் என்ற அடுத்த பாதி இன்னும் நிறைவேறவில்லை. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா ஒரு தொடக்கம். அது மட்டும் போதாது. எனவே தஞ்சாவூரிலும் அதிராம்பட்டினத்திலும் திருச்சியிலும் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் நௌக்ரி, லிங்க்ட்இன், இண்டீட், டெலிகிராம் என்று திரையைத் தள்ளிக்கொண்டே வேலை தேடுகிறார்கள். ஜும்ஆ முடிந்ததும் கைப்பேசியை நீட்டி, ‘ஹஜ்ரத், இது நல்ல கம்பெனிதானா?’ என்று நம்மிடம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ‘அல்லாஹ் போதுமானவன்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்ததாகாது.

ஈர நெல்லும் வேலை விளம்பரமும்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

டெல்டா விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் 22 விழுக்காடு வரை அனுமதிக்கச் சொல்லி ஆண்டுதோறும் கோரிக்கை எழுகிறது. ஈரம் இருப்பது குற்றமல்ல. மழை யார் கையிலும் இல்லை. ஈரத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்புவதுதான் குற்றம்.

வேலை விளம்பரத்துக்கும் அதே அளவுகோல்தான். சம்பளம் குறைவாக இருப்பது குற்றமல்ல. இரவு வேலை இருப்பதும் ஒரு வருடம் விடுப்பு இல்லாததும் தங்குமிடம் நெருக்கடியாக இருப்பதும் சில தொழில்களில் தவிர்க்க முடியாதவையாக இருக்கலாம். அவற்றை மேலே வைத்தால் விரும்புகிறவர் வருவார், விரும்பாதவர் விலகிக்கொள்வார். ‘கவர்ச்சிகரமான சம்பளம்’, ‘உடனடி நியமனம்’, ‘அனுபவம் தேவையில்லை’ என்று காய்ந்த நெல்லை மட்டும் பரப்பிவிட்டு, சேர்ந்த பிறகு ஈரத்தைக் காட்டுவது மோசடி. மியான்மர் முகாம் அதன் கொடூரமான எல்லை. ஆனால் அந்த எல்லைக்குப் போகும் சாலை, நம்மூர்க் கடைத்தெரு விளம்பரங்களில் நாம் சகித்துக்கொள்ளும் சிறு சிறு மறைப்புகளிலிருந்துதான் தொடங்குகிறது.

கூலிக்கு ஆள் அமர்த்தும் ‘இஜாரா’ ஒப்பந்தத்தில் வேலை எது, கூலி எவ்வளவு, காலம் எவ்வளவு என்பவை தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹ் நூல்கள் நிபந்தனை வைப்பதும் இதனால்தான். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர், எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக்குவது உங்கள் விருப்பம், உங்களுக்குச் சிரமம் தர மாட்டேன் என்று முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னதை அல்கஸஸ் அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து, வீடும் துணையும் இல்லாமல் நின்ற ஓர் இளைஞர் அவர். அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்தி நிபந்தனையை மறைக்கவில்லை அந்தப் பெரியவர்.

ஆள் எடுப்போரின் பொறுப்புகள்

முதலாவது, சட்டப்படியான உரிமம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருக்கு ஓர் உரிம எண் உண்டு. அலுவலகத்திலும் விளம்பரத்திலும் அந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் கூறுகிறது. சமூக ஊடக விளம்பரத்துக்கும் இது பொருந்தும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும். மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். நம்மூர்களில் இதைவிடப் பல மடங்கு தொகை எந்த ரசீதும் இல்லாமல் கைமாறுகிறது என்பதை நாம் அறிவோம். ‘விசா காசு’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். வழக்கமாகிவிட்டது என்பதால் ஒன்று சட்டபூர்வமாகிவிடாது, ஹலாலாகவும் ஆகிவிடாது.

இரண்டாவது, பாகுபாடு காட்டாமை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கான வேலைகளில் திருமணமான பெண்கள் ஒதுக்கப்பட்டதாக ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. ஆள் எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, ஒன்றிய அரசு தமிழகத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிட வேண்டாம் என்று ஆள்சேர்ப்பு முகவர்களுக்கு ஃபாக்ஸ்கான் அறிவுறுத்தியதாக அதே செய்தி நிறுவனம் எழுதியது. விளம்பரத்தில் ஒரு வரி மாறுவது நல்லதுதான். ஆனால் வரியை எடுத்துவிட்டு வழக்கத்தை வைத்துக்கொண்டால், அதுவும் ஈரத்தை அடியில் தள்ளியதாகவே ஆகும்.

பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கும் வழக்கமும் இருக்கிறது. லெட்பை ஃபவுண்டேஷன் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்கள் 1,000 தொடக்கநிலை வேலைகளுக்கு அனுப்பப்பட்டன. ஒன்றில் பிரியங்கா சர்மா என்று பெயர், மற்றொன்றில் ஹபீபா அலி. முதலாமவருக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன. இரண்டாமவருக்கு 103. இருவருமே ஆய்வுக்காக உருவாக்கப்பட்ட கற்பனைப் பெயர்கள். தகுதியில் வேறுபாடு எதுவும் இல்லை. நம் பெண் பிள்ளைகள் படித்துவிட்டும் பதில் வராமல் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் யோசிக்க வேண்டும்.

இந்த அநீதியைப் பேசும் உரிமை நமக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்றால், நம்மவர்கள் நடத்தும் கடைகளிலும் நிறுவனங்களிலும் அதே தவறு நடக்கக்கூடாது. பள்ளிவாசல் இமாமுக்கு விளம்பரம் செய்தால் மார்க்கத் தகுதி கேட்பது இயல்பு. கணக்கருக்கும் ஓட்டுநருக்கும் விற்பனையாளருக்கும் ‘நம்மவர் மட்டும்’ என்று எழுத என்ன அவசியம்? ‘வேலைக்கு அமர்த்தப்படுபவர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவர்’ என்ற கருத்தைத்தான் மேலே சொன்ன மூஸா (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தருகிறது. அதில் குலமோ கோத்திரமோ பேசப்படவில்லை.

மூன்றாவது, விவரங்களைக் காப்பது. ஒரு சுயவிவரக் குறிப்பில் பெயர், முகவரி, தொலைபேசி எண், புகைப்படம், பிறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. ஆதார் நகலும் கடவுச்சீட்டு நகலும் முதல் நாளே கேட்கப்படுகின்றன. வேலைத்தளங்களிலிருந்து கசிந்த விவரங்களை வைத்து வேலையற்ற இளைஞர்களை அழைத்து, ‘பதிவுக் கட்டணம்’ பறித்த போலி கால் சென்டர்களை டெல்லி, நொய்டா காவல்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். தனிநபர் விவரங்களைக் காப்பதற்காக 2023இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவர் நம்பி ஒப்படைத்த காகிதம் அமானிதம். வேலை முடிவானதும் தேவையற்ற நகல்களை அழித்துவிட வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது.

நான்காவது, பதில் சொல்வது. இருநூறு பேர் விண்ணப்பித்தால் இருநூறு பேரும் காத்திருக்கிறார்கள். ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று ஒரு வரி அனுப்பக் கணினிக்கு ஒரு நொடி போதும். ஆள் எடுத்த பிறகும் விளம்பரத்தை அகற்றாமல் விட்டுவைப்பதும், எடுக்கும் எண்ணமே இல்லாமல் விவரம் திரட்டுவதற்காக விளம்பரம் செய்வதும் பிறரின் நேரத்தையும் நம்பிக்கையையும் திருடுவதாகும்.

வேலைத்தளங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ‘நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம்’ என்று அவர்கள் கைகழுவ முடியாது. விளம்பரத்துக்குக் காசு வாங்குபவர், விளம்பரம் செய்பவர் யார் என்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

வேலை தேடுவோரின் பொறுப்புகள்

எகிப்தில் யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைத் தாமாகவே கேட்டார்கள். தமக்குப் பாதுகாக்கும் திறனும் அதற்கான அறிவும் உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள். தன் தகுதியைத் தானே சொல்வது பெருமையடிப்பது ஆகாது என்பதற்கு ஆலிம்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர்கள் சொன்ன தகுதி உண்மையானது என்பதும், அந்த வேலைக்கு வேண்டிய தகுதியை மட்டுமே சொன்னார்கள் என்பதும் கூடவே கவனிக்கத்தக்கவை.

நம் பிள்ளைகள் சிலர் இங்கே சறுக்குகிறார்கள். ஆறு மாதப் பயிற்சியை இரண்டு வருட அனுபவம் என்று எழுதுகிறார்கள். காசு கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் தரும் ‘கன்சல்டன்சி’கள் பெருநகரங்களில் இருக்கின்றன. ‘எல்லோரும் செய்கிறார்கள், இல்லாவிட்டால் இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார்கள்’ என்பது அவர்கள் வாதம். இல்லாத நிறுவனங்களின் பெயரில் அனுபவக் கடிதம் கொடுத்துச் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக 2022 நவம்பரில் அக்சென்சர் நிறுவனம் இந்தியாவில் அறிவித்தது. இன்று பெரிய நிறுவனங்கள் பின்னணியைச் சரிபார்க்கத் தனி முகமைகளையே வைத்திருக்கின்றன. பிடிபட்டால் அந்த வேலை மட்டுமல்ல, அடுத்த வேலையும் போகும். பிடிபடாவிட்டால் உண்மையான அனுபவமுள்ள இன்னொருவரின் இடம் போகும். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரியாத ஒருவரின் உரிமையைப் பறித்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

அதேபோல், ஒரு நிறுவனத்தின் நியமனக் கடிதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டு, சேர வேண்டிய நாளில் தொலைபேசியை அணைத்துவிடுவதும் பரவலாகிவிட்டது. மேலான வாய்ப்பு வந்தால் போவது உரிமைதான். சொல்லிவிட்டுப் போவது கடமை.

சரிபார்ப்பது வேலை தேடுபவரின் அடுத்த பொறுப்பு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நம் மார்க்கம் கற்றுத்தரும் முறை. வெளிநாட்டு வேலை என்றால் கீழ்க்கண்டவற்றைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது:

- முகவரின் பெயரும் உரிம எண்ணும் ஒன்றிய அரசின் ‘இ-மைகிரேட்’ இணையதளப் பட்டியலில் இருக்கிறதா?
- நியமனக் கடிதத்தில் நிறுவனத்தின் பெயர், வேலை, சம்பளம், வேலை நேரம், ஒப்பந்தக் காலம் எழுத்தில் இருக்கின்றனவா?
- விசா எந்த வகை? ‘விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘ஃப்ரீ விசா’ என்ற பேச்சுக்கும் அதே பதில்தான்.
- வேலை ஒரு நாட்டில், இறங்கச் சொல்வது வேறு நாட்டிலா? மியான்மரில் சிக்கியவர்களில் பலர் தாய்லாந்து வேலை என்று நம்பி பாங்காக்கில் இறங்கியவர்கள்.
- பணம் வங்கி வழியாகவும் ரசீதோடும் போகிறதா?

உள்நாட்டு வேலை என்றால் இன்னும் எளிய விதி ஒன்று உண்டு. வேலை தருவதற்கு முன்பே பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர்.

மற்றொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். ‘வீட்டிலிருந்தே வேலை, உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றினால் கமிஷன்’ என்று டெலிகிராமில் விளம்பரங்கள் வருகின்றன. வருவது யாரோ ஒரு முதியவரிடமிருந்து மோசடியாகப் பறித்த பணம். கணக்கு நம் பிள்ளையின் பெயரில் இருக்கும். காவல்துறை முதலில் வந்து நிற்பதும் நம் வீட்டு வாசலில்தான். ‘எனக்குத் தெரியாது’ என்பது நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது. எந்த உழைப்பும் இல்லாமல் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டால் காசு என்றபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அனுப்பி வைப்பவரும் முகவர்தான்

இதுவரை யாரும் அதிகம் பேசாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. அது நாம். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘சமுதாய இளைஞர்களுக்குப் பயன்படட்டும்’ என்ற நல்லெண்ணத்தில் நாள்தோறும் வேலை விளம்பரங்களை அனுப்புகிறோம். அனுப்பியவருக்கு அந்த நிறுவனம் தெரியாது. அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. ஆனால் பெறுபவர், ‘நம்ம காக்கா அனுப்பியிருக்கார், சரியாகத்தான் இருக்கும்’ என்று நம்புகிறார். ஊர்க்காரரின் பெயருக்கு இருந்த மதிப்பு, முகம் தெரியாத விளம்பரத்துக்கு இலவசமாகப் போய்ச் சேருகிறது. மோசடிக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

மோசடி முகாம்களில் சிக்கியவர்களிடமே, விடுதலை வேண்டுமானால் ஊரிலிருந்து வேறு ஆட்களைக் கொண்டு வா என்று கட்டாயப்படுத்திய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. எனவே நண்பன் சொன்னான் என்பதுகூட இன்று முழு ஆதாரம் ஆகாது. கேட்ட செய்தியை விசாரிக்காமல் பரப்புவது பற்றி நம் மார்க்கம் தந்த எச்சரிக்கை வேலை விளம்பரத்துக்கும் பொருந்தும்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். படிக்காதவர் ஏமாறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்தச் சோதனை இல்லை. படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது 1983இன் கணக்கு.

2022 அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. மோசடி முகாம்கள் தேடியதே ஆங்கிலமும் கணினியும் தெரிந்த படித்தவர்களைத்தான். மியான்மர் அந்த 18 நாடுகளின் பட்டியலிலும் இல்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021இலும் 2025இலும் வரைவு மசோதாக்கள் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டன. புதிய சட்டம் எந்த வடிவில் வந்தாலும், இணைய விளம்பரம் வழியே நடக்கும் ஆள்சேர்ப்புக்கும் படித்த இளைஞர்களின் பாதுகாப்புக்கும் அதில் தெளிவான இடம் இருக்க வேண்டும் என்று டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும். நம் அமைப்புகள் அவர்களிடம் அதைக் கோர வேண்டும்.

மஹல்லாக்கள் செய்யக்கூடியது

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருபது, முப்பது வருடம் இருந்து திரும்பிய அனுபவசாலிகள் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் இரண்டிரண்டு பேரைச் சேர்த்து, வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். பிள்ளைகள் கொண்டுவரும் நியமனக் கடிதத்தையும் விசாவையும் பார்த்துச் சொல்லலாம். இ-மைகிரேட் பட்டியலைத் திறந்து முகவரின் பெயரைத் தேட ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தின் நகையையும் நிலத்தையும் காப்பாற்றும்.

அரசு வழிகளையும் பயன்படுத்த வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக அரசு 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. தனியார் துறை வேலைகளுக்கென அரசின் இணையதளம் இருக்கிறது; விளம்பரம் செய்பவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் அங்கே கட்டணம் இல்லை. டெல்டாவில் கடையும் அரவை ஆலையும் நடத்தும் நம்மவர்கள் தங்கள் காலியிடங்களை அங்கே பதிந்தால், உள்ளூர்ப் பிள்ளைக்கு உள்ளூரிலேயே வேலை இருப்பது தெரியவரும்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணைய மோசடிக்கு உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வேலை தொடர்பான உதவிக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090. ஏமாந்து திரும்பிய பிள்ளையை ஊர் ஏளனம் செய்தால், அடுத்து ஏமாறுபவன் வாய் திறக்க மாட்டான். அவன் வாய் திறக்காதவரை அதே முகவர் அடுத்த தெருவில் ஆள் பிடித்துக்கொண்டிருப்பார்.

வேலை என்பது ஒரு குடும்பத்தின் ரிஸ்க். அதை அறிவிப்பவர் ஈரத்தை மேலே வைக்கட்டும். விண்ணப்பிப்பவர் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். இடையில் நிற்கும் நாம், விசாரிக்காமல் எதையும் அனுப்பாதிருப்போம். இந்த வார ஜும்ஆவிலேயே உங்கள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதுபற்றிப் பேசுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தைத் தந்தருள்வானாக.